பீரங்கிச் சொற்களைப் பிடிப்பது எப்படி: சொல் விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு

குறுக்கெழுத்தில் 'கோட்டையைத் தகர்க்கும் (4)' என்று குறிப்பு வந்தால் யாரும் யோசிக்காமல் பீரங்கி என்று எழுதிவிடுவார்கள். அடுத்த வரியிலேயே 'தட்டினால் மணக்கும், முட்டினால் தடுக்கும் (3)' என்று வரும்போதுதான் பேனா நிற்கும். விடை இஞ்சி. சமையலறை இஞ்சியேதான். பழந்தமிழில் அதே சொல் கோட்டை மதிலையும் குறிக்கும்.

பீரங்கி, வெடிமருந்து, கோட்டை சார்ந்த சொற்கள் புதிர் அமைப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும். இவற்றில் பல சொற்களுக்குப் போர்க்களத்தில் ஒரு பொருள், வீட்டுக்குள் வேறொரு பொருள். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு இவற்றை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வாரத்தில் எல்லாம் போய்விடும். பீரங்கியை எப்படிக் கெட்டித்தார்கள், எதை நோக்கிச் சுட்டார்கள், அதற்கு முன்னால் என்ன வைத்துச் சண்டை போட்டார்கள் என்று வேலையின் போக்கிலேயே சொற்களைப் பிடித்தால் நிற்கும். கீழே அந்தப் போக்கில்தான் போகப்போகிறோம்.

முதலில் எண்ணப் பழகுங்கள்

அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண், விடைக்கு எத்தனை கட்டம் என்பதைச் சொல்லும். தமிழ்ப் புதிர்களில் பெரும்பாலும் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. பீ, ர, ங், கி: நான்கு. கு, ண், டு: மூன்று. து, ப், பா, க், கி: ஐந்து. காதால் எண்ணினால் 'பீ-ரங்-கி' என்று மூன்றாகக் கேட்கும், ஏமாந்துவிடாதீர்கள். விரல்விட்டு எண்ணுங்கள்.

எண்ணும்போதே எழுத்துகளின் நடத்தையையும் கவனியுங்கள். ங் என்ற எழுத்து ஒரு கட்டத்தில் விழுந்தால் அடுத்த கட்டத்தில் க வரிசை எழுத்து வரும் என்று தைரியமாக நம்பலாம். ட, ர, ல ஆகியவற்றில் தொடங்கும் சொல் அநேகமாக வெளியிலிருந்து வந்தது: டாங்கி, ராக்கெட். ட், க், ப் போன்ற வல்லின மெய்யில் முடிந்தாலும் அப்படியே. கடைசிக் கட்டத்தில் ட் இருக்கிறது, குறிப்போ போரைப் பற்றியது என்றால் பழந்தமிழ்ச் சொற்களைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ராக்கெட் (4) பக்கம் போய்ப் பாருங்கள்.

மருந்திலிருந்து தொடங்குங்கள்

பீரங்கியின் கதை வெடிமருந்தில் (6) ஆரம்பிக்கிறது. மூன்று பொருள்களின் கலவை அது: வெடியுப்பு, கரி, கந்தகம். பிற்காலத்தில் நிலைபெற்ற அளவு நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரி எரியும், கந்தகம் சீக்கிரம் பற்ற வைக்கும், வெடியுப்பு எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தரும். வெடியுப்புக்கு (5) பொட்டிலுப்பு (6) என்று இன்னொரு பெயர் உண்டு. கட்டம் ஒன்று கூடுதலாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். கந்தகத்தைச் சித்த மருத்துவ நூல்கள் கெந்தகம் என்றும் எழுதும். இரண்டுக்கும் ஐந்து கட்டம் என்பதால் முதல் எழுத்தைக் குறுக்குச் சொல்லால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெடிமருந்தைச் சுருக்கமாக மருந்து என்றே சொல்வது வழக்கம். புதிர்க்காரர் இதை விடவே மாட்டார். 'நோயையும் தீர்க்கும், கோட்டையையும் தீர்த்துக்கட்டும் (4)' என்று எழுதினால் விடை மருந்து.

சரி, சுடும் வேலைக்கு வருவோம். வாய் வழியாக நிரப்பும் பழைய பீரங்கியில் முதல் வேலை, முந்தைய வெடியின் கங்கை அணைப்பது. நீண்ட கோலின் நுனியில் கட்டிய ஈரப் பொதியைக் குழலுக்குள் விட்டுத் துழாவுவார்கள். ஒரு பொறி உள்ளே மிச்சமிருந்தால் அடுத்த மருந்து போடுகிறவரின் கை போய்விடும். அப்புறம் மருந்து உள்ளே போகும். ஆரம்பத்தில் நீண்ட அகப்பையால் அள்ளிப் போட்டார்கள், பிறகு துணிப்பையில் அளந்து கட்டி வைத்ததை அப்படியே தள்ளினார்கள். அதை அடைத்துக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்தல் (6) என்ற இந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். 'துப்பாக்கியில் மருந்து திணித்தல்' என்ற குறிப்புக்கு அதுதான் விடையாக வரும். பிறகு குண்டு. குழலின் பின்பக்கம் மேலே ஒரு சிறு துளை. அதன் வழியே ஊசியால் பையைக் குத்திக் கிழித்து, பொடி மருந்து கொஞ்சம் தூவி, வெடியுப்பு நீரில் ஊறவைத்த கயிற்றுத் திரியைக் கோலின் நுனியில் பிடித்தபடி தொட வேண்டும். வெடித்ததும் பீரங்கி பின்னால் ஓடும், அது பின்னுதைப்பு (6). மறுபடி இழுத்து நிறுத்தி, குறி பார்த்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

இந்தக் காட்சியை ஒரு தரம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு சொற்கள் தாமே வரிசையில் நிற்கும். அவற்றின் மறுமுகத்தை இப்போது பாருங்கள். திரி (2) விளக்கில் எரியும். வினையானால் ஊரைச் சுற்றும். பாலுக்கு வந்தால் கெட்டுப்போகும். குழல் (3) ஊதவும் செய்யலாம், முடியவும் செய்யலாம். குண்டு (3) வெடிக்கும், அது உருண்டை என்றும் பொருள்படும், உடல் பெருத்தவரையும் சொல்லும். வேட்டு (3) வெடியோசை. பழைய நடையில் 'விரும்பி' என்றும் பொருள். இரண்டாவது பொருளைத் தேர்ந்த புதிர்க்காரர்கள்தான் பயன்படுத்துவார்கள், ஆனால் பயன்படுத்துவார்கள்.

ஓசைச் சொற்களில் அதிர்வேட்டு (6), முழக்கம் (5) இரண்டும் அடிக்கடி வரும். நாட்டுத் தலைவருக்கு மரியாதையாக 21 குண்டுகள் முழங்குவதால் 'மரியாதைக் குண்டுகளின் எண்ணிக்கை (7)' என்றால் இருபத்தொன்று.

குழலும் வண்டியும்

இந்தப் பகுதியில் சொற்கள் குறைவு, ஆனால் நல்லவை. குழலின் உள்வாய் அகலத்தைச் சொல்ல விட்டம் (4); கூரையைத் தாங்கும் மரமும் அதுவே. அச்சு (3) சக்கரங்களை இணைக்கும், உருக்கிய உலோகத்தை ஊற்றும் வார்ப்புக்கும் அதே பெயர். பீரங்கிக்கு இரண்டுமே வேண்டும். உலோகப் பெயர்கள்: வெண்கலம் (5), அடித்து உருவாக்கும் தேனிரும்பு (5), உருக்கி ஊற்றும் வார்ப்பிரும்பு (7). வெண்கலமும் தேனிரும்பும் ஒரே அளவு என்பதால் தஞ்சாவூரில் பீரங்கி மேட்டில் கிடக்கும் பெரிய பீரங்கி எதனால் ஆனது என்று கேட்டால் தடுமாறாதீர்கள். நாயக்கர் காலத்தைச் சேர்ந்த அந்த இராஜகோபால பீரங்கி வார்த்ததல்ல. இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது.

பிரிட்டிஷ் பீரங்கிகளை அவை எறியும் குண்டின் எடையால் அழைத்தார்கள்: 6 பவுண்டு, 12 பவுண்டு, 32 பவுண்டு என்று. பவுண்டு (4) என்ற எடைக்குத் தமிழில் இராத்தல் (5) என்ற பழகிய பெயர் ஒன்று இருப்பதை மறக்க வேண்டாம்.

மதிலைச் சுற்றி வாருங்கள்

புள்ளிகள் உண்மையில் கிடைப்பது இங்கேதான். பீரங்கி வந்து சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. மதிலைப் பற்றித் தமிழில் இரண்டாயிரம் ஆண்டாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே சொல் குவிந்து கிடக்கிறது.

வெளியிலிருந்து உள்ளே நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காவற்காடு வரும், அதற்கு மிளை (2). அடுத்து நீர் நிரப்பிய பள்ளம்: அகழி (3) அல்லது கிடங்கு (4). இன்று கிடங்கு என்றால் சரக்கு வைக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். 'சரக்கு வைக்கும் இடத்தில் முதலை நீந்துகிறது' என்று குறிப்பு வந்தால் உங்களுக்குச் சிரிப்பு வர வேண்டும், குழப்பம் வரக் கூடாது. அதைத் தாண்டினால் மதில். மதில், எயில், இஞ்சி, புரிசை ஆகிய நான்குமே மூன்று கட்டம்தான். குறிப்பை மட்டும் வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு குறுக்கெழுத்தாவது விழும்வரை பென்சிலால்கூட எழுதாதீர்கள். அரண் (3) என்பதும் இதே கூட்டத்தில் சேரும், ஆனால் அது காப்பு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்.

மதிலின் மேலே ஏறினால் ஞாயில் (3). வீரர்கள் மறைந்து நின்று எய்வதற்கான அந்த மதில் உறுப்பை உரைகாரர்கள் குருவித்தலை என்பார்கள். ஓட்டைக்குப் புழை (2). அம்பு விடும் ஓட்டை ஏப்புழை (4), ஏனென்றால் ஏ என்ற ஓரெழுத்துச் சொல்லுக்கு அம்பு என்று பொருள். ஒரே கட்டத்துக்கு விடை கேட்கும் புதிர் அரிது, ஆனால் பெரிய விடையின் ஒரு துண்டாக இந்த ஏ எங்கும் ஒளிந்திருக்கும். கோட்டையின் மூலையில் வெளியே தள்ளிக் கட்டிய மேடை கொத்தளம் (5). பீரங்கிகளை நிறுத்தியது இங்கேதான்.

கோட்டையை வளைக்கும் போருக்கு உழிஞை (3), உள்ளிருந்து காக்கும் போருக்கு நொச்சி (3). இரண்டும் செடியின் பெயர்கள். எது தாக்குதல், எது காவல் என்று மாற்றி எழுதுவது புதியவர்களிடம் சாதாரணமாக நடக்கும் தவறு. நொச்சியை வேலியாக நடுவார்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் காவல் பக்கம் நிற்கும்.

பீரங்கிக்கு முந்தைய பொறிகள்

குறிப்பில் 'பண்டைய' என்றோ 'சங்கப் பாட்டில்' என்றோ ஒரு வார்த்தை இருந்தால் பீரங்கியை அடித்துவிடுங்கள். அங்கே வெடிமருந்தே கிடையாது. கல்லெறியும் கவண் (3) முதல் வேட்பாளர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை மதுரை மதிலில் இருந்த பொறிகளை ஒரே மூச்சில் அடுக்குகிறது, புதிர்க்காரர்களுக்கு அது ஒரு சுரங்கம். தானாக வளைந்து எய்யும் வளைவிற்பொறி (6), கல்லுமிழ் கவண், கல்லிடு கூடை, தூண்டில் (4), ஐயவித்துலாம் (7), மதிலைப் பற்றி ஏறுபவர் கையைக் குத்தும் ஊசி (2) எல்லாம் அதில் உண்டு.

எனக்கு அந்த வரிசையில் மிகவும் பிடித்தது ஊகம் (3). கரிய விரலுடைய குரங்கின் வடிவில் செய்து மதிலில் நிறுத்திய பொறி அது, நெருங்குபவரைப் பிடித்துக் கடிக்கும். 'விடை தெரியாதவர் செய்வது, ஏறி வந்தவரைக் கடிப்பது (3)' என்று ஒரு குறிப்பு எழுதிப் பாருங்கள், அருமையாகப் பொருந்தும்.

ஒரே வீச்சில் நூறு பேரைக் கொல்லும் என்று புராணங்கள் சொல்லும் படைக்கலம் சதக்கினி (5). தமிழாக்கினால் நூற்றுவரைக்கொல்லி (9). ஒன்பது கட்டம் நீளமாக வெறுமையாகக் கிடந்து, குறிப்பில் 'நூறு' என்று இருந்தால் இது நினைவுக்கு வரட்டும்.

வந்த சொற்கள், ஆக்கிய சொற்கள்

பீரங்கியே வந்த சொல். ஐரோப்பியரைக் குறித்த பிரங்கி என்ற பாரசீகச் சொல்லிலிருந்து கிளைத்தது. பறங்கியும் (4) அதன் உறவுதான். இரண்டுக்கும் நான்கு கட்டம், கடைசி இரண்டு எழுத்தும் ஒன்றாகவே இருப்பதால் முதல் எழுத்து தெரியும்வரை நிதானமாக இருங்கள். கருவியா, கருவி கொண்டு வந்தவனா என்று குறிப்பைத் திரும்பப் படியுங்கள்.

ஐரோப்பிய வகைப்பெயர்களில் நான்கைந்து தெரிந்தால் போதும். ஹோவிட்சர் (5) செக் மொழியிலிருந்து பயணம் வந்த பெயர். 15-ஆம் நூற்றாண்டில் ஹுஸ்ஸைட் போர்கள் எனப்படும் சமயப் போர்களில் செக் படைகள் அதன் முன்னோடியைப் பயன்படுத்தின. கல்வெரின் நீண்டு மெலிந்த குழல், பெயர் லத்தீனில் பாம்பிலிருந்து வந்தது. காரனேட் (4) ஸ்காட்லாந்தின் காரன் இரும்பாலையில் பிறந்த குட்டையான கப்பல் பீரங்கி, நெருங்கி நின்று சுடுவதற்கு. குட்டைக் குழலோடு வானத்தை நோக்கி நிற்பது மோர்ட்டார், தூக்கி எறிந்து மதிலுக்கு அந்தப் பக்கம் குண்டை விழவைக்கும். இதைச் சிலர் மோட்டார் என்றே எழுதுவார்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டார் என்று நினைத்து ஏமாறுவதற்கு அருமையான இடம். சிதறு குண்டுக்கு ஷ்ராப்னல் என்ற பெயரைத் தந்தவர் ஹென்றி ஷ்ராப்னல் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி. வகைப்பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கட்ட எண்ணிக்கை ஒன்று முன்பின் இருந்தாலும் கைவிட வேண்டாம்.

இந்தியப் படைகள் வழியாகவும் சில சொற்கள் வந்தன. பீரங்கி வீரர் கோலந்தாஸ். ஒட்டகத்தின் முதுகில் ஏற்றிச் சுட்ட சிறு பீரங்கி ஜம்பூரக். பாரசீகத்தில் குளவி என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ஜ, ஷ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளைச் சில விளையாட்டுகள் ஏற்பதில்லை, ஆரம்பிக்கும் முன்பே விதியைப் படித்துவிடுங்கள்.

ஈழத்து எழுத்தில் இத்துறைக்கென்றே நல்ல சொற்கள் உருவாகிப் புழங்குகின்றன. தொலைவுக்கு ஏவும் பீரங்கிக்குச் சேணேவி (3), மோர்ட்டாருக்குக் கணையெக்கி (5), அவை எறியும் வெடிகுண்டுக்கு எறிகணை (4), துப்பாக்கி ரவைக்குச் சன்னம் (4). சேணேவி மூன்றே கட்டத்தில் முடிவதால் எழுத்துக் காய்களை அடுக்கும் விளையாட்டுகளில் தங்கம்.

பிரபலமானவர்கள்

பீரங்கிகளின் தனிப்பெயர்களை ஒரு சிலதோடு நிறுத்திக்கொள்ளலாம். 1453-இல் கான்ஸ்டான்டினோப்பிள் மதிலை உடைக்க இரண்டாம் மெகமதுவுக்குப் பெரும் பீரங்கி வார்த்துத் தந்தவர் ஓர்பன் (4). மாஸ்கோ கிரெம்ளினில் நிற்கும் ஜார் பீரங்கி 1586-இல் ஆந்திரேய் சோகோவ் வார்த்தது, வாய் விட்டம் 89 செ.மீ. எடின்பரோ கோட்டையில் மான்ஸ் மெக், 1449. பீஜப்பூரில் மாலிக்-ஏ-மைதான், வெண்கலம், 1549. லாகூரில் ஜம்ஜமா (4). ஆண்டு கேட்டால் 1526 மட்டும் தப்பாமல் தெரிந்திருக்க வேண்டும்: பானிபட்டில் பாபரின் பீரங்கிகள் முழங்கிய ஆண்டு.

மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் 1780-இல் பொல்லிலூர்ப் போரில் பிரிட்டிஷ் படையைக் கலங்கடித்தன. ராக்கெட்டுக்குத் தமிழில் வாணம் (3) என்ற சொல் இருக்கிறது. இங்கே மூன்று சுழி ண. இரண்டு சுழி ன போட்டால் மேலே இருக்கும் வானமாகிவிடும். அம்புக்குப் பாணம், குடிக்கப் பானம். மதிலுக்கு அரண், சிவனுக்கு அரன். குறுக்கே வரும் சொல் இந்த ஒரே எழுத்தில்தான் வெட்டும். புதிர்க்காரர் அதைத் தெரிந்தேதான் அங்கே வைத்திருப்பார்.

அதைப் போலவே எறிகணையும் ஏவுகணையும் (4). இரண்டும் நான்கு, இரண்டும் கணையில் முடியும். பீரங்கிக் குழலிலிருந்து எறியப்பட்டால் எறிகணை. தன் எந்திரத்தின் விசையிலேயே பறந்தால் ஏவுகணை.

உடைத்துப் பாருங்கள்

விடை தெரிந்த சொல்லையே உடைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. சூட்சுமக் குறிப்புகள் இப்படித்தான் பிறக்கின்றன. துப்பாக்கியை உடைத்தால் துப், பாக்கி. 'வாலறுந்த துப்பும் வசூலாகாத கடனும் சேர்ந்து சுடும் (5)' என்று குறிப்பு தயார். கொத்தளத்துக்குள் ஒரு தளம் முழுதாக இருக்கிறது, முன்னால் மிஞ்சுவது வாலில்லாத கொத்து. பீரங்கியிலோ ர் என்ற மெய்யின் மேல் அ வந்து ஏறினால் பீர், அங்கி என்று பிரியும். 'மதுவுக்கு நீண்ட உடை போர்த்தினால் முழங்கும் (4)'. இப்படி ஒரு சொல்லை நீங்களே உடைத்து ஒரு குறிப்பு எழுதிவிட்டால் அதை மறக்கவே மாட்டீர்கள். எழுத்துக் காய் விளையாட்டுக்காரர்களுக்கு இந்த வேலை தேவையில்லை. அவர்கள் திரி, கரி, உலை, மிளை, புழை போன்ற ஈரெழுத்துச் சொற்களைக் கைவசம் வைத்திருந்தால் மூலையில் மாட்டிய காயையும் இறக்கிவிடலாம்.

கைப்பழக்கத்துக்குச் சில குறிப்புகள். விடைகள் எல்லாம் மேலே எங்கோ இருக்கின்றன.

கண்ணன் ஊதுவான், பெண் பின்னுவாள், குண்டு புறப்படும் (3)
கூரையைத் தாங்கும், வட்டத்தைப் பிளக்கும் (4)
மெல்லியது, ஆனால் பட்டால் உயிர் போகும் (4)
தொலைவுக்கு எறியும் ஈழத்துப் பீரங்கி (3)
வேலியிலும் நிற்கும், கோட்டையையும் காக்கும் (3)
வண்டிக்குள் சுழலும், வார்ப்பவருக்கு வடிவம் தரும் (3)
விண்ணில் சுழி ஒன்று கூடினால் சீறிப் பாயும் (3)